படகு ஓடாத நாளில் உன் மகள்

என் செல்லத் தங்கச்சி பரமேஸ்,

நீ போய் ஒரு வருசம். உன் ஆட்டைத் திவசம் அனலைதீவு வீட்டில் முடிந்தது. ஐயர் வந்து கிரியை செய்தார், சனம் வந்து சாப்பிட்டது, சனசமூக நிலையத்துக் கதிரைகள் திரும்பிப் போய்விட்டன. கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திவச வீட்டில் குறை சொல்லக்கூடாதென்று தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார்கள். நீயாய் இருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பாய்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன் நினைவாய் அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். பண்டிதர் ஒருவர் உன்னைப் பற்றிப் பாட்டு எழுதித் தந்தார். நீ குணக்குன்றாம், பொறுமையில் பூமாதேவியாம். வாசித்துப்போட்டு, "ஐயா, இது என்ரை தங்கச்சியோ, இல்லாட்டி வேற ஆரும் செத்தவையோ?" என்று கேட்டேன். உனக்குப் பொறுமை இருந்ததென்று அனலைதீவில் ஒரு ஆடுகூடச் சொல்லாது. அதனால் இந்தமுறை நானே எழுதுகிறேன். சைக்கிள் கரியரில் கருவாடு கட்டி, ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்கு மிதித்துப் பிழைத்தவனின் எழுத்து இப்படித்தான் இருக்கும். ஊரும் வாசிக்கட்டும், பரவாயில்லை.

உன் மகள் திவசத்துக்கு வரவில்லை.

சனம் அதைத்தான் கேட்டது. உன் பக்கத்து வளவு அன்னலச்சுமி அக்கா பந்தியில் இருந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கவே கேட்டார்: "ஒரே ஒரு பிள்ளை. தாயின்ரை ஆட்டைக்கும் வரேல்லையே?"

"கனடாவிலை இருந்து அனலைதீவுக்கு இன்னும் பஸ் விடேல்லை அக்கா" என்றேன்.

"உன்ரை வாய் இருக்கே!" என்று சொல்லிவிட்டு அவர் பாயாசம் கேட்டார். அவருக்கு அந்த மறுமொழி போதும். உனக்குப் போதாது. துளசி ஏன் வரவில்லை என்பதை உனக்குச் சரியாகச் சொல்லவேண்டும்.

ஊருக்குத் தெரிந்த கதையை, தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வருசக் கார்த்திகையில், கடல் கொந்தளித்துக் கிடந்த அன்று, உனக்கு நெஞ்சு இறுக்கியது. தீவிலுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். படகு ஓடவில்லை. நோயாளியை ஏற்றவென்று இருக்கிற படகும் வெளிக்கிட ஏலாமல் நின்றது. நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். அந்தக் கடலில் நானும் வள்ளம் இறக்கியிருக்கமாட்டேன். அந்தப் பக்கத்து இறங்குதுறையில் நீ, மகளின் மடியில். இந்தப் பக்கத்தில், ஊர்காவற்றுறையில் நான், உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வான் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு. மழைக்குள்ளால் உங்கள் ஊர்ப் பனைகள் ஒரு கோடு மாதிரித் தெரிந்தன. அடுத்த நாள் நான் வந்து சேர்ந்தபோது கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அந்தக் கடலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உனக்குக் கொள்ளி வைத்துவிட்டு, அதே கடலில்தான் திரும்பி வந்தேன்.

துளசிக்குக் கனடாவில் படிக்கிற விசா அதற்கு முன்னரே வந்திருந்தது. அதை நீ அறிவாய். விசா வந்த அன்று கோயிலுக்குப் போகாமல் முதலில் எனக்குத்தானே போன் எடுத்தாய்? அந்தியேட்டி முடிந்ததும், போகப்போறியோ என்று அவளிடம் கேட்டேன். "அம்மா போகச் சொன்னவ. போறன்" என்றாள். அழவில்லை. தகப்பனை நடை பழகுமுன்னரே பறிகொடுத்த பிள்ளை, தாயும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை. இருக்கிறதென்றால் கலியாணம் கட்டாத ஒரு மாமன். அந்த மாமன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து என்ன சொன்னான் தெரியுமா? "பெட்டியைப் பாரமாய்த் தூக்காதை" என்றான்.

கனடா என்றால் எங்கள் சனத்துக்கு ரொறொன்ரோதான். ஹலிபாக்ஸ் என்று சொன்னால், "அது எந்தக் கனடா?" என்கிறார்கள். அது கடலோரத்து ஊர் பரமேஸ். நடுவில் கடல் உள்ளே வந்து கிடக்கிறது. ஒரு பக்கம் நகரமும் பல்கலைக்கழகமும். மற்றப் பக்கம் டார்ட்மத் என்று இன்னொரு ஊர். இரண்டுக்கும் இடையில் படகு ஓடுகிறது. உன் மகள் போய் எங்கே அறை எடுத்தாள் என்று நினைக்கிறாய்? படிப்பு ஒரு கரையில், படுக்கை மறு கரையில்.

"விசரே உனக்கு? கனடாவுக்குப் போயும் போட்டிலையோ பள்ளிக்கூடம் போகப்போறாய்?" என்று ஏசினேன்.

"இஞ்சாலை வாடகை குறைவு மாமா" என்றாள் முதலில். வியாபாரியிடம் வாடகையைச் சொன்னால் வாயை மூடிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பிறகொருநாள் தானாகவே சொன்னாள்: "போட்டிலை ஏறி இறங்கினாத்தான் மாமா, படிக்கப் போன மாதிரிக் கிடக்கு."

அவளைக் குறை சொல்ல ஏலுமா? சின்ன வகுப்பில் அவளுக்குப் படிப்பித்த ரீச்சர்மார் படகில்தான் அனலைதீவுக்கு வந்தார்கள். கடல் கெட்டுப்போனால் ரீச்சர் வரமாட்டா, பள்ளிக்கூடம் இல்லை. பெரிய வகுப்புக்கு அவள் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்தாள். கடல் கெட்டுப்போனால் அவள் வரமாட்டாள், அதிபரும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். படகு ஓடாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. இதை எங்கள் தீவுகளில் ஒருவரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் அதோடேயே வளர்கிறார்கள்.

அங்கே போய் அவள் பட்ட பாட்டையும் கேள். பனியில் இரண்டுதரம் சறுக்கி விழுந்தாள். துளசி என்ற பெயரை அவர்கள் 'டல்சி' ஆக்கிவிட்டார்கள். திருத்தித் திருத்திப் பார்த்துக் களைத்து, இப்போது டல்சி என்றால் திரும்பிப் பார்க்கிறாளாம். நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒரு அறை. சன்னலால் பார்த்தால் ஆட்களின் சப்பாத்துத்தான் தெரியும். குசினி பொது. குளிர்ப்பெட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு, அதில் பெயர் ஒட்டவேண்டும். கோப்பிக் கடையில் பாதிநேர வேலை. ஆரும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் போவாளாம். இருட்டத் தொடங்கினதும் எழும்பிவிடுவாளாம், கேக் வெட்டவும் நிற்காமல். "ஏன் ஓடுறாய்?" என்று கேட்டால், "போட் போயிடும்" என்பாளாம். அந்தப் படகு இரவிலும் ஓடுகிற படகு! பின்னேரம் ஆனால் கடைசிப் படகுக்கு ஓடிப் பழகின கால் அவளை இருக்கவிடவில்லை.

நான் கொடுத்துவிட்ட கருவாட்டின் கதை வேறு. நானே பார்த்துப் பொறுக்கின பாரைக் கருவாடு. சந்தையில் காட்டினால் சண்டை வரும், அப்படிப்பட்டது. ஒருநாள் ஆசைப்பட்டு இரண்டு துண்டைப் பொரித்திருக்கிறாள். புகைக்கு அடிக்கிற மணி வீடு முழுக்க அலறி, கூட இருந்த பெட்டையள் எல்லாரும் பனிக்குள் ஓடிப்போய் நின்றார்களாம். அதில் பஞ்சாப்பிலிருந்து வந்த சிம்ரன் என்றொரு பிள்ளை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ளே ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று பகிடியாய்க் கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்னனி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஓம் எண்டன் மாமா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. நானும் சிரிச்சனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் அங்கே ஒருவருக்கும் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை என்று. அந்த ஊரில் நீ இன்னும் உயிரோடு இருந்தாய் பரமேஸ். அம்மா எப்படி என்று ஆரும் கேட்டால், "சுகமாய் இருக்கிறா" என்றாளாம். சொல்லடி என்று சொன்னேன். "சொன்னா எல்லாரும் பாவம் பாப்பினம். பிறகு நான் அந்தப் பாவத்துக்கை இருக்கவேணும்" என்றாள். கருவாட்டில் புழு இருந்தால் கண்டுபிடிப்பேன். பிள்ளையின் மனதுக்குள் இருப்பதைப் போனுக்குள்ளால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி ஐப்பசிக் கதைக்கு வருகிறேன்.

அன்று அவள் ஒரு பாடத்துக்குச் சோதினை எழுத இருந்தது. பாதிப் புள்ளி அதில்தான். இங்கே எனக்குப் பின்னேரம். என் மீன்கடையில் நண்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். அங்கே காலை. போன் வந்தது.

"மாமா, போட் ஓடேல்லை."

"என்ன போட்?"

"நான் போற போட். பெரிய காத்து. நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"அப்ப சோதினை?"

"போட் ஓடேல்லை மாமா" என்றாள் திரும்பவும். அது போதுமென்பது போல ஒரு குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் தீவு முழுக்க அந்தக் குரலில்தான் அந்த வசனத்தைச் சொல்லும்.

"வேற வழி ஒண்டும் இல்லையோ?"

காற்றின் இரைச்சலுக்குள்ளால் சொன்னாள்: "பாலம் இருக்கு. பஸ் போகுது. எல்லாரும் பஸ்ஸிலை போயிட்டினம்."

"நீ ஏனடி போகேல்லை?"

"நான் இருந்திட்டன்."

"எங்கை?"

"துறையிலை. வாங்கு ஒண்டு கிடக்கு, அதிலை. அப்பிடியே இருந்திட்டன் மாமா. எழும்ப ஏலாமல் கிடக்கு. சோதினையும் தொடங்கியிருக்கும்."

நண்டு விற்க வந்தவன் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனைக் கையால் மறித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போனேன். போய் நிற்கவும் அவள் சொன்னாள்:

"பாலம் இருந்திருந்தா அம்மா செத்திருக்கமாட்டா, என்ன மாமா?"

இத்தனை காலமும் நானும் நினைக்காத கேள்வியா இது? ஒவ்வொரு நாளும் துறையைத் தாண்டிப் போகும்போது நினைக்கிறேன். ஆனால் ஒருவர் வாயால் கேட்டதில்லை. அவள் அதோடு விடவில்லை.

"எனக்கு ஏலாது மாமா. நான் அங்கை வரட்டோ?"

பரமேஸ், அந்த நேரம் என் வாயில் என்ன இருந்தது என்று உனக்கு ஒளிக்கமாட்டேன். 'வா' என்ற சொல்தான் இருந்தது. ஓடிவா பிள்ளை, இஞ்சை வந்திடு, கடை இருக்கு, வீடு இருக்கு, நானும் தனியத்தான் கிடக்கிறன் என்று முழுதாய் இருந்தது. ஒரு சொல் சொன்னால் அவள் அடுத்த கிழமையே வந்துவிடுவாள். பிறகு அவள் போகமாட்டாள். எனக்கும் அதுதான் விருப்பம். சரக்கு மலிவாய்க் கைக்கு வரும்போது வேண்டாமென்று சொல்லிப் பழகாத ஆள் நான்.

"முதல் எழும்பு" என்றேன். "எழும்பி அந்த பஸ்ஸிலை ஏறு. போனை வைக்காதை. பாலத்தைத் தாண்டிப்போட்டுக் கதைப்பம்."

"சோதினை முடிஞ்சிடும்."

"முடியட்டும். நீ ஏறு."

ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு பஸ்ஸின் இரைச்சல். "பாலத்திலை ஏறிட்டம்" என்றாள். "கீழை கடல் வெள்ளையாக் கிடக்கு மாமா. அண்டைக்குக் கிடந்த மாதிரியே." நான், "ம்" என்றேன். அவள் மூச்சு விடுகிறது கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அவள் பாலத்தில் போகிறாளா, உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறாளா என்று எனக்கே விளங்காமல் போயிற்று.

பிறகு சொன்னாள்: "இவ்வளவுதான் மாமா. முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"பாலம். இவ்வளவுதான். சின்னப் பாலம் மாமா. இவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். உன் செத்தவீட்டில் அழாத பிள்ளை, அந்தியேட்டியில் அழாத பிள்ளை, பஸ்ஸுக்குள் ஊர்பேர் தெரியாத சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள். ஆரோ ஒரு மனிசி இங்கிலீசில் மெல்ல ஏதோ கேட்டது எனக்குக் கேட்டது. நான் இங்கே மீன்பெட்டி அடுக்கின சுவரோடு சாய்ந்துகொண்டு நின்று அழுதேன். நண்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நல்ல மனுசன், இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் நின்றதும் நான் பழையபடி வியாபாரி ஆகிவிட்டேன். "நேரை வாத்தியாரிட்டைப் போ. அம்மா செத்ததைச் சொல்லு. துறையிலை வைச்சுச் செத்தவ எண்டு சொல்லு. போட் நிண்ட உடனை எழும்ப ஏலாமல் போச்சுது எண்டு சொல்லு. மற்றமுறை எழுத விடுவினம்."

"மாட்டன்."

"ஏனடி?"

"அம்மாவைச் சாட்டாச் சொல்லமாட்டன் மாமா."

"இது பொய்ச் சாட்டோ? உண்மையெல்லோ!"

"உண்மைதான். புள்ளிக்குச் சொன்னா அது சாட்டு."

ஏசினேன். கெஞ்சினேன். உன் பிள்ளை அல்லவா, அசையவில்லை. வாத்தியாரிடம் போய், படகு ஓடவில்லை என்று மட்டும் சொன்னாளாம். அந்த வாத்தியார் மனுசி ஆறுதலாய்த்தான் கதைத்தாவாம். ஆனால் பஸ் ஓடினபடியால் அதைக் காரணமாய் எடுக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டா. அவவிலும் பிழையில்லை. பாலம் இருக்கிற ஊரில் படகு ஓடாதது ஒரு காரணமா? அந்தப் பாடம் போயிற்று. மார்கழி விடுமுறைக்குப் பிறகு திரும்பவும் முதலிலிருந்து படிக்கவேண்டும். அதற்குக் கட்டுகிற காசுக்காகக் கோப்பிக் கடையில் இந்தக் கார்த்திகை முழுக்கவும், விடுமுறை நாட்களையும் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் அனுப்புகிறேன் என்றதற்கு, "இது என்ரை பிழை, நானே கட்டுறன்" என்றாள். இதுதான் அவள் உன் திவசத்துக்கு வராத காரணம். அன்னலச்சுமி அக்கா வாசித்தால் வாசிக்கட்டும்.

எனக்குக் கன நாள் கோபம் போகவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கிற ஒன்றை ஏன் விடவேண்டும்? வாழ்நாள் முழுக்க நான் கையில் இருந்த எல்லாவற்றையும் வைத்துப் பேரம் பேசினவன். என் கிழிந்த சட்டையை வைத்துப் பேசியிருக்கிறேன், செத்துப்போன எங்கள் ஐயாவின் பெயரை வைத்தும் பேசியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை, பசிக்கிறவன் பேசத்தான் வேண்டும். ஆனால் உன்னை வைத்து அவள் பேரம் பேசவில்லை. உன் சாவை ஒருவருக்கும் விற்கவில்லை. நான் இவ்வளவு சம்பாதித்தும், இவ்வளவு வயது வந்தும், அவள் செய்ததைச் செய்யமாட்டேன். அது சரியா பிழையா என்றுகூட எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ என்ன சொல்வாய்?

இன்னொன்றும் நடந்தது. அன்று பின்னேரம் குசினியில் வைத்து, கூட இருக்கிற பிள்ளைகளுக்கு உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். புள்ளி போய்விட்டது, இனிச் சொன்னால் அது சாட்டில்லைத்தானே? சிம்ரன் அழுதுகொண்டு சண்டை பிடித்தாளாம்: "நான் அண்டைக்குச் சிரிச்சனே! நீ ஏன் என்னைச் சிரிக்க விட்டனி?" பிறகு அந்தப் பிள்ளை ரொட்டி சுட்டுக் கொடுத்ததாம். துளசி மூன்று ரொட்டி தின்றாளாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

திவசத்தன்று காலை, அங்கே இன்னும் முதல்நாள் இரவு, வேலையில் நின்றபடி போனில் அவள் முகத்தைக் காட்டினாள். நான் உன் படத்துக்கு முன்னால் போனைப் பிடித்தேன். அவள் கும்பிட்டாள். பிறகு கோப்பிக் கடை பூட்ட நேரமாகிறதென்று சொல்லி, "மாமா, வீட்டை போயிட்டு எடுக்கிறன்" என்றாள். அந்த அறையைத்தான் வீடு என்றாள். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஐயர் தர்ப்பையைக் கொண்டா என்று இரண்டுதரம் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

பாலத்துக்குப் பிறகு, 'வரட்டோ மாமா' என்று அவள் கேட்கவே இல்லை பரமேஸ். நானும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவள் மறந்துவிட்டாளா, இல்லை நான் மறுமொழி சொல்லாததையே மறுமொழியாய் எடுத்துக்கொண்டாளா? என்னால் கேட்க ஏலாது. கேட்டால் என் குரலில் அவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளை நான் வா என்று கூப்பிடமாட்டேன். காய்ச்சலில் கிடந்தாலும், கடை பூட்டுகிற நிலை வந்தாலும், தீபாவளிக்குத் தனியே இருந்து சாப்பிட்டாலும் கூப்பிடமாட்டேன். போன் எடுத்தால், "சாப்பிட்டனியோ, குளிருக்குப் போட்டனியோ, படிக்கிறியோ" என்று மட்டும் கேட்பேன். அவளாக வருகிற நாளில் வரட்டும். வராமலே இருந்துவிட்டாலும் நான் தாங்குவேன். ஆனால் நான் தாங்குவதை அவள் ஒருநாளும் அறியக்கூடாது. ஊர் வாசித்தாலும் இதை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்லக்கூடாது.

உன் பிள்ளைக்கு மாமன்,
உனக்கு எப்போதும் அண்ணை.